ஜியோகோடிங்: ஒரு முகவரிக்கு எந்தப் புள்ளி?

எழுத்தில் இருக்கும் முகவரியை ஆயத்தொலைவாக மாற்றுவதுதான் ஜியோகோடிங். ‘125, ஏரிக்கரைச் சாலை’ என்று கொடுத்தால், மென்பொருள் அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று என இரண்டு எண்களைத் தரும். அவற்றை வைத்து வரைபடத்தில் புள்ளி வைக்கலாம், வண்டிக்கு வழி போடலாம், பக்கத்தில் எந்தக் கிளை இருக்கிறது என்று பார்க்கலாம். முகவரி உள்ளே போனால் எண் வெளியே வரும், அவ்வளவுதான் என்ற நினைப்பில்தான் பெரும்பாலோர் இதில் இறங்குகிறார்கள்.

அதே முகவரியை அதே மென்பொருளில் கொடுத்து, அமைப்புகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு முறை புள்ளி கட்டடத்தின் கூரை நடுவில் விழும். இன்னொரு முறை சாலையின் நடுக்கோட்டில். இன்னொரு முறை அந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் மையத்தில், வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. நான்காவது முறை விடையே வராது. மென்பொருளைக் கேட்டால் நான்கும் சரிதான் என்று சொல்லும். எந்தப் புள்ளி வேண்டும், அது கிடைக்காதபோது எது போதும், எதுவுமே தேறாதபோது என்ன செய்வது என்பதை நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருளை எழுதியவர் தனக்குத் தோன்றியபடி வைத்துப் போன இயல்பு அமைப்புதான் நமக்கும் முடிவு செய்யும்.

உள்ளே நடப்பது மூன்று வேலை

முதலில் முகவரியைப் பிரிக்கிறது. எது கதவு எண், எது தெரு, எது ஊர், எது அஞ்சல் குறியீடு என்று ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறது. அடுத்து, பிரித்ததைத் தன்னிடம் உள்ள குறிப்புத் தரவோடு ஒப்பிட்டுப் பொருந்தக்கூடியவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. கடைசியில், தேர்ந்தெடுத்த ஒன்றுக்குப் புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறது. அமைப்புப் பக்கத்தில் காணும் பொத்தான்களும் எண்களும் எவ்வளவு புதிராகத் தெரிந்தாலும், இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் தொடும்.

பிரிக்கும் வேலையில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, முகவரியை ஒரே நீளமான வரியாகத் திணிக்காமல் தனித்தனி கட்டங்களாகக் கொடுப்பது. நம் தரவுத்தளத்தில் ஊரும் அஞ்சல் குறியீடும் ஏற்கெனவே தனித்தனிப் பத்திகளில் இருக்கும். அதை ஒரு வரியாக ஒட்டி அனுப்பி, மென்பொருள் மறுபடி பிரிக்கட்டும் என்று விடுவதில் அர்த்தமில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடத்தின் தரவை வைத்து இயங்கும் நாமினாட்டிம் என்ற ஜியோகோடிங் மென்பொருள் இரண்டு விதமாகவும் ஏற்கும்: முழு வரியாகத் தேடலாம், அல்லது தெரு, ஊர், மாநிலம், நாடு, அஞ்சல் குறியீடு என்று கட்டம் கட்டமாகவும் தேடலாம். ஒரே கோரிக்கையில் இரண்டையும் கலக்க மட்டும் முடியாது. கட்டம் கட்டமாகக் கேட்பதில் ஒரு இடைஞ்சல் உண்டு. பத்திகளே தப்பாக நிரப்பப்பட்டிருந்தால், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மாவட்டம் இருந்தால், மென்பொருள் அதை அப்படியே நம்பித் தேடிவிட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று கையை விரிக்கும். தரவு சுத்தமாக இருந்தால் கட்டம் கட்டமாக, குப்பையாக இருந்தால் முழு வரியாக என்று வைத்துக்கொள்ளலாம்.

கலவையான முகவரிகளைப் பிரிப்பதற்கென்றே லிப்போஸ்டல் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த தரவுகளில் உள்ள பல நாட்டு முகவரிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. அது ஆயத்தொலைவு தராது, பிரித்து மட்டும் கொடுக்கும். மாடி எண், ‘பள்ளிக்கு எதிரில்’, ‘மணி அடிக்கவும்’ போன்றவற்றை அனுப்புவதற்கு முன்பே கழற்றிவிடுவதும் நல்லது. அவற்றால் இடம் துலங்காது, மதிப்பெண்தான் குறையும்.

எந்தத் தரவில் தேடுகிறது?

ஜியோகோடிங்கின் தரத்தைத் தீர்மானிப்பது மென்பொருளின் சாமர்த்தியத்தைவிட அதன் அடியில் இருக்கும் குறிப்புத் தரவுதான். அந்தத் தரவு பல வகைப்படும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு புள்ளி குறித்து வைத்த தரவு இருக்கலாம். நில அளவைத் துறை வரைந்த மனை எல்லைகள் இருக்கலாம். தெருவுக்குக் கோடும், அந்தக் கோட்டின் இரு பக்கமும் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை என்ற குறிப்பும் மட்டும் இருக்கலாம். தெருப் பெயர் மட்டும் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் அஞ்சல் குறியீடு, அதற்கும் கீழே ஊர்.

இதில் மூன்றாவதாகச் சொன்ன தெருக்கோட்டு முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். துல்லியமானது போலத் தோற்றம் காட்டி ஏமாற்றுவதில் இதற்கு இணை இல்லை. இதன் வேர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் இருக்கிறது. 1970 கணக்கெடுப்புக்காக டைம் என்ற தெருக் கோப்புகளையும், 1990 கணக்கெடுப்புக்காக டைகர் என்ற நாடு தழுவிய தரவுத்தளத்தையும் அந்தத் துறை உருவாக்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் புள்ளி குறிக்க வழியில்லாத நிலையில், தெருத் துண்டின் இரு முனைகளிலும் உள்ள எண்களை மட்டும் பதிவு செய்துகொண்டு, நடுவில் இருக்கும் வீடுகளைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது என்ற ஏற்பாடு.

கணக்கு எளிது. ஏரிக்கரைச் சாலையின் ஒரு துண்டு 400 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் ஒற்றைப்படை எண்கள், 101 முதல் 199 வரை என்று தரவு சொல்கிறது. நம் எண் 125. தொடக்கத்திலிருந்து 24 எண் தள்ளி இருக்கிறது, மொத்த இடைவெளி 98. 24-ஐ 98-ஆல் வகுத்தால் சுமார் 0.245. ஆகவே 400 மீட்டரில் 98 மீட்டர் நடந்தால் 125-ஆம் எண் வீடு வந்துவிடும் என்று மென்பொருள் முடிவு கட்டும்.

இந்தக் கணக்கு, 199 வரை வீடுகள் உண்மையிலேயே இருக்கின்றன, அவை சம இடைவெளியில் இருக்கின்றன என்று நம்புகிறது. ஆனால் 101–199 என்பது பல சமயம் அந்தத் துண்டுக்கு ஒதுக்கிய எண் வரம்பு மட்டுமே. நேரில் போய்ப் பார்த்தால் 139-உடன் வீடுகள் முடிந்திருக்கலாம். அப்படியானால் 24-ஐ 38-ஆல் வகுக்க வேண்டும்; வீடு கிட்டத்தட்ட 253-ஆவது மீட்டரில் இருக்கிறது. மென்பொருள் வைத்த புள்ளிக்கும் வாசலுக்கும் 155 மீட்டர் இடைவெளி. ஆனால் வெளியே வரும் எண்ணில் ஏழு தசம இலக்கம் இருக்கும். தசம இலக்கத்தைப் பார்த்துத் துல்லியத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஐந்தாவது தசம இலக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும், ஆறாவது 11 சென்டிமீட்டர். அதற்குமேல் இருப்பது வெறும் அலங்காரம்.

இந்த முறைக்கென்று இரண்டு அமைப்புகள் உண்டு. பல மென்பொருள்களில் வெவ்வேறு பெயரில் காணலாம். ஒன்று பக்கவாட்டு விலகல்: நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் புள்ளியை வைப்பது என்பது. இதைப் பூச்சியமாக விட்டால் புள்ளி நடுச்சாலையில் உட்காரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்பது பெரிய குறை அல்ல. வார்டு, தொகுதி, அஞ்சல் பகுதி போன்றவற்றின் எல்லைகள் பெரும்பாலும் சாலையின் நடுக்கோட்டிலேயே போகும். புள்ளியும் அதே கோட்டில் இருந்தால், அது எந்த வார்டில் சேரும் என்பது தசமக் கணக்கின் சில்லறைப் பிழையைப் பொறுத்து அமையும். ஒற்றைப்படை வீடுகள் ஒரு வார்டு, இரட்டைப்படை வீடுகள் எதிர் வார்டு என்று இருக்கும்போது, பத்து மீட்டர் விலகல் கொடுத்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொன்று முனை விலகல்: தெருவின் முதல் வீடும் கடைசி வீடும் சந்திப்பின் நட்டநடுவில் போய் விழாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது. இரண்டிலும் அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் என்று நினைத்துப் போட்ட 10, பாகையாக எடுத்துக்கொள்ளப்பட்டால் புள்ளி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும்.

இந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் செல்லவும் செல்லாது. ஜப்பானில் முகவரி பெரும்பாலும் தெருவை வைத்து அமைவதில்லை, பகுதியையும் அதற்குள் உள்ள பிளாக்கையும் வைத்து அமைகிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகர மையத்தில் தெருப் பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த சதுரக் குறிகள்தான். அங்கெல்லாம் தெருக்கோட்டில் எண்களைப் பரப்பிப் பார்ப்பது வீண். கட்டடப் புள்ளித் தரவு இருந்தால்தான் வழி.

கூரையா, வாசலா, சாலையா?

நல்ல கட்டடத் தரவு கையில் இருந்தாலும் கேள்வி முடியவில்லை. பெரிய வளாகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் நடு, மனையின் நடு, முன்வாசல், பொருள் இறக்கும் பின்வாசல், வாசலுக்கு நேரே சாலையில் உள்ள இடம் என்று ஒரே முகவரிக்கு ஐந்து நியாயமான புள்ளிகள் உண்டு. வரைபடத்தில் காட்டவும் பரப்பளவுக் கணக்குக்கும் கட்டடத்தின் நடு போதும். வண்டி அனுப்ப வேண்டுமென்றால் சாலைப் புள்ளி வேண்டும். கட்டடத்தின் நடுவைக் கொடுத்தால், வழி போடும் மென்பொருள் அதற்கு மிக அருகில் உள்ள சாலையைத் தேடும். அது வளாகத்தின் பின்பக்கச் சந்தாக இருக்கலாம், அங்கே சுவர் மட்டும் இருக்கலாம். ஓட்டுநர் சுவரைப் பார்த்து நிற்பார். ஆர்க்ஜிஐஎஸ் போன்ற மென்பொருள்களில் இந்தத் தேர்வு நேரடியாகவே இருக்கிறது: முகவரியின் இருப்பிடம் வேண்டுமா, வண்டி நிற்கும் இடம் வேண்டுமா என்று கேட்கும். பலர் இதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள். விநியோகத் தொழிலில் இருப்பவர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய அமைப்பு இதுதான் என்பது என் எண்ணம்.

மனை எல்லையிலிருந்து நடுப்புள்ளியைக் கணக்கிடும்போது இன்னொரு சிக்கல் எட்டிப்பார்க்கும். மனை சதுரமாக இருந்தால் சரி. ‘ப’ வடிவில் இருந்தால் அதன் வடிவியல் மையம் மனைக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரரின் இடத்தில் விழலாம். தரவுத்தளத்திலேயே வரைபட வடிவங்களைக் கையாள உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கு இரண்டு சார்புகள் உண்டு. ‘எஸ்டி சென்ட்ராய்டு’ சுத்தமான வடிவியல் மையத்தைத் தரும், அது உள்ளே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ‘எஸ்டி பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்’ தரும் புள்ளி நிச்சயம் வடிவத்தின் மேல்தான் இருக்கும். முகவரி வேலைக்கு இரண்டாவதையே எடுங்கள்.

கிடைக்காவிட்டால் எவ்வளவு இறங்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலான ஜியோகோடர்கள் படியிறங்கித் தேடுபவை. கட்டடப் புள்ளி இல்லையா, தெருவின் எண் வரம்பைப் பார். அதுவும் இல்லையா, தெருவின் நடுவைக் கொடு. தெருவே இல்லையா, அஞ்சல் குறியீட்டின் மையம். அதுவும் இல்லையா, ஊரின் மையம். எத்தனை படி இறங்கியது என்று தனியாகக் கேட்டால்தான் சொல்லும். ஆயத்தொலைவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டால், கூரைப் புள்ளியும் ஊர் மையமும் அட்டவணையில் ஒரே மாதிரி இரண்டு எண்களாகத்தான் நிற்கும்.

கூகுளின் சேவை ஒவ்வொரு விடையோடும் இட வகை ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறது. ‘ரூஃப்டாப்’ என்றால் அந்த முகவரிக்கே உரிய துல்லியமான இடம். ‘ரேஞ்ச் இன்டர்போலேட்டட்’ என்றால் மேலே பார்த்த தெருக்கணக்கு. ‘ஜியோமெட்ரிக் சென்டர்’ என்றால் தெருவுக்கோ பகுதிக்கோ நடு. ‘அப்ராக்சிமேட்’ என்றால் தோராயம். இதோடு ‘பார்ஷியல் மேட்ச்’ என்ற கொடியும் வரும்; கேட்ட முகவரியில் ஒரு பகுதிதான் பொருந்தியது என்று அதற்குப் பொருள். இந்த இரண்டையும் ஆயத்தொலைவுக்குப் பக்கத்திலேயே தனிப் பத்திகளில் சேமித்து வையுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

நாமினாட்டிமில் இதே வேலையை இடத்தின் வகையும் தர எண்ணும் செய்கின்றன. தர எண் 30 என்றால் வீடு, கடை அளவிலான இடம். 26 என்றால் தெரு. எண் குறையக் குறைய இடம் பெரிதாகும். அதே விடையில் ‘இம்பார்ட்டன்ஸ்’ என்று பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இன்னொரு எண்ணும் வரும். புதிதாக வருபவர்கள் அதைப் பொருத்தத்தின் நம்பகத்தன்மை என்று எடுத்துக்கொண்டு, 0.5-க்குக் கீழே உள்ளதையெல்லாம் கழித்துவிடுவது உண்டு. அது அந்த இடம் எவ்வளவு பிரபலம் என்பதன் அளவு. விக்கிப்பீடியாவை வைத்துக் கணக்கிடப்படுவது. மிகச் சரியாகப் பொருந்திய ஒரு சாதாரண வீட்டுக்கு அந்த எண் அடிமட்டத்தில்தான் இருக்கும்.

மதிப்பெண்களும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் 100 என்பது முழுப் பொருத்தம். போஸ்ட்ஜிஐஎஸ் கூடவே வரும் டைகர் ஜியோகோடரில் 0 தான் சிறந்த மதிப்பு, எண் ஏற ஏறப் பொருத்தம் மோசம். ஒன்றுக்கு எழுதிய ‘80-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்’ என்ற விதியை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால், நல்லதையெல்லாம் தள்ளிவிட்டுக் குப்பையை மட்டும் அள்ளிக்கொண்டு வரும்.

அஞ்சல் குறியீட்டுப் படியில் இறங்க அனுமதிக்கலாமா என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது, நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1995 முதல் புழக்கத்தில் உள்ள ஆறிலக்கக் குறியீடு கிட்டத்தட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி. அங்கே குறியீடு பொருந்தினாலே கட்டடம் கிடைத்த மாதிரி. இந்தியாவில் 1972-இல் வந்த பின்கோடும் ஆறிலக்கம்தான், ஆனால் ஒரே எண் பல ஊர்களை உள்ளடக்கலாம். பிரிட்டனில் ஒரு குறியீட்டுக்குச் சராசரியாகப் பதினைந்து முகவரிகள். அமெரிக்காவின் ஜிப் குறியீடு உண்மையில் தபால் கொண்டுபோகும் பாதைகளின் தொகுப்பு. அதற்குத் தெளிவான எல்லையே கிடையாது என்பதால், கணக்கெடுப்புத் துறை தன் புள்ளிவிவரத்துக்காகத் தனியே எல்லைகளை வரைந்து வைத்திருக்கிறது. ஆக, ‘அஞ்சல் குறியீடு வரை இறங்கலாம்’ என்ற ஒரே அமைப்பு ஒரு நாட்டில் சில மீட்டர் பிழையையும் இன்னொரு நாட்டில் பல கிலோமீட்டர் பிழையையும் குறிக்கும். பல நாட்டு முகவரிகளைக் கையாள்பவர் இந்த வரம்பை நாடுவாரியாகத்தான் வைக்க வேண்டும்.

படிக்கட்டின் கடைசிப் படியில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பிரபலம். அது முகவரி ஜியோகோடிங் அல்ல, இணைய ஐபி எண்ணுக்கு இடம் கண்டுபிடிக்கும் சேவை. ஆனால் தவறு ஒன்றேதான். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் தரவில், ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் வேறெதுவும் தெரியாத ஐபி எண்களுக்கெல்லாம் நாட்டின் மையத்துக்கு அருகில் 38, -97 என்று முழு எண்ணாக ஒரு புள்ளி கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் அருகில் விழுந்தது. பல கோடி ஐபி எண்கள் அந்த வீட்டைக் காட்டின. காணாமல்போனவர்களையும் திருடர்களையும் தேடிக்கொண்டு காவலர்களும் கோபக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலுக்கு வந்தார்கள். 2016-இல் செய்தி வெளியான பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தியது. குடியிருந்தவர்கள் வழக்கும் தொடுத்தார்கள். ‘நாட்டுக்குள் எங்கோ’ என்ற விடையை, பார்ப்பவர்கள் ‘இந்த வீடு’ என்று படித்ததன் விளைவு அது.

இதன் உடன்பிறப்பு 0, 0. விடை கிடைக்காதபோது காலியாக விடாமல் பூச்சியத்தைப் போட்டுவிடும் நிரல்கள் ஏராளம். அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்பது ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் உள்ள ஒரு கடல் புள்ளி. அப்படிப் போய்ச் சேரும் பிழைத் தரவு இவ்வளவு அதிகம் என்பதால், புவியியல் தகவல்காரர்கள் அதற்குக் கேலியாக ‘நல் ஐலண்ட்’, அதாவது வெற்றுத் தீவு, என்று பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையில் அங்கே தீவு எதுவும் இல்லை, வானிலை மிதவை ஒன்றுதான் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்களின் சராசரி இருப்பிடம் கடலுக்குள் போனால் முதலில் இதைத் தேடுங்கள். விடை இல்லை என்றால் காலியாகவே இருக்கட்டும். காலியாக இருந்தால் யாராவது கவனிப்பார்கள், தப்பான புள்ளியை யாரும் கவனிப்பதில்லை.

எழுத்துப் பிழையும் இரட்டை விடையும்

மனிதர்கள் முகவரியைப் பிழையாகத்தான் எழுதுவார்கள், மென்பொருளும் அதற்கு இடம் கொடுக்கும். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறைக்கு 1918-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒன்று இன்னொன்றாகும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தொலைவு 1965-ஐச் சேர்ந்தது. இவற்றின் தாராளத்தைக் கூட்டக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கும். தெருப் பெயரில் ஓரிரு எழுத்து மன்னிக்கலாம். கதவு எண்ணிலும் அஞ்சல் குறியீட்டிலும் மன்னிக்கவே கூடாது. 112-க்கும் 121-க்கும் எழுத்து வித்தியாசம் அற்பம், ஆனால் அவை வேறு வேறு வீடுகள். உங்கள் மென்பொருள் பகுதிவாரியாக இந்தத் தாராளத்தை அமைக்க விடுகிறதா என்று பாருங்கள். விடாவிட்டால், விடையில் திரும்பி வரும் கதவு எண்ணை நாம் அனுப்பியதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் தனியே ஒதுக்கும்படி நீங்களே நாலு வரி எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு இடங்கள் ஒரே மதிப்பெண் பெற்றால்? பல மென்பொருள்கள் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அதாவது தரவுத்தளத்தில் எது முன்னால் இருக்கிறதோ அது வெற்றி. ஒரே பெயரில் தெரு பல ஊர்களில் இருக்கும் இடங்களில் இது ஆபத்து. சமநிலை வந்தால் பொருத்தாதே, கையால் பார்க்கும் பட்டியலுக்கு அனுப்பு என்று வைப்பதே நல்லது.

அதற்கு முன்னால் சமநிலை வராமலே பார்த்துக்கொள்ளலாம். தேடும் பரப்பைச் சொல்லிவிடுவதுதான் வழி. இதில் சாய்வு, கட்டுப்பாடு என்று இரண்டு விதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். கூகுளில் ‘ரீஜன்’ என்று நாட்டைச் சொன்னால் அது சாய்வு: அந்த நாட்டு விடைகளுக்கு முன்னுரிமை, மற்றவை வராது என்றில்லை. ‘காம்போனென்ட்ஸ்’ வழியாக நாட்டைச் சொன்னால் அது வடிகட்டி, வெளிநாட்டு விடை வரவே வராது. நாமினாட்டிமில் ‘வியூபாக்ஸ்’ என்று ஒரு செவ்வகப் பரப்பைக் கொடுத்தால் அதுவும் சாய்வுதான். கூடவே ‘பவுண்டட்’ என்பதற்கு 1 கொடுத்தால் கட்டுப்பாடாகிவிடும். ‘கன்ட்ரிகோட்ஸ்’ தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாடு. எல்லா முகவரியும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டுப்பாடு போடுங்கள். ஆட்கள் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும் செயலி என்றால் சாய்வே போதும், யாராவது ஒருவர் வெளியூர் முகவரியையும் தேடுவார்.

வெளியே வரும் எண்கள்

வரிசையைச் சரிபாருங்கள். பேசும்போதும் பல சேவைகளிலும் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்தது. வரைபடத் தரவைப் பரிமாறப் பயன்படும் ஜியோஜேசன் வடிவக் கோப்பில் தலைகீழ்: தீர்க்கரேகைதான் முதலில். தீர்க்கரேகை 90-ஐத் தாண்டும் நாடுகளில் இந்தத் தவறு உடனே பிடிபடும், ஏனென்றால் அட்சரேகை 90-க்கு மேல் போகாது. மற்ற இடங்களில் சத்தமில்லாமல் போய்விடும். 13, 80 என்ற இடத்தை 80, 13 என்று மாற்றினால் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் ஓரத்தில் இருப்பீர்கள், மென்பொருளுக்கு ஒரு புகாரும் இருக்காது. ஆயத்தொலைவு முறை டபிள்யூஜிஎஸ் 84 தானா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஜிபிஎஸ் பயன்படுத்துவதும் அதுதான். அரசுத் துறைகள் தரும் மனை வரைபடங்கள் வேறு முறையில் இருப்பது வழக்கம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை நடத்தும் பொது நாமினாட்டிம் வழங்கியில் நொடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுப்பக்கூடாது. பெருந்தொகையாக அனுப்புவதை அது விரும்புவதும் இல்லை. லட்சக்கணக்கில் முகவரி இருந்தால் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்வதுதான் முறை. எதைப் பயன்படுத்தினாலும், ஒரு தடவை கிடைத்த விடையைச் சேமித்து வைத்துக்கொண்டால் அதே முகவரியை மறுபடி கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு காலம் சேமிக்கலாம் என்பதற்குச் சில வணிகச் சேவைகள் நிபந்தனை வைத்திருக்கின்றன, ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

அமைப்பு சரியா என்று பார்ப்பது

உங்கள் பட்டியலிலிருந்து குத்துமதிப்பாக நூறு, இருநூறு முகவரிகளை எடுத்து, அவற்றின் உண்மையான இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தோ நேரில் அறிந்தவரைக் கேட்டோ குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நகரம், கிராமம், புதிதாக முளைத்த குடியிருப்பு எல்லாம் கலந்திருக்கட்டும். புதிய குடியிருப்புகளில்தான் குறிப்புத் தரவு பின்தங்கியிருக்கும். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே பட்டியலை ஓட்டி, மென்பொருள் வைத்த புள்ளிக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள தொலைவை அளக்க வேண்டும். சராசரியைப் பார்க்காதீர்கள். பெயர் ஒத்த வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரே ஒரு முகவரி சராசரியைச் சிதைத்துவிடும். இடைநிலை அளவு (தொலைவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) என்ன, மோசமான ஐந்து விழுக்காடு எவ்வளவு தள்ளி விழுகிறது, எத்தனை முகவரிக்கு விடையே இல்லை என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஏற்புக்கான வரம்பைத் தளர்த்தினால் விடையில்லாதவை குறையும், மோசமான பிழைகள் கூடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. ஆம்புலன்ஸ் அனுப்புபவர் கடுமையாக வைத்துக்கொண்டு, மீதியைத் தொலைபேசியில் கேட்டுச் சரிசெய்வார். மாவட்டவாரியாக எண்ணிக்கை எடுப்பவருக்கு ஊர் மையமே தாராளம். நோயாளிகளின் இருப்பிடத்தை வரைபடமாக வெளியிடுபவர் கூரைப் புள்ளி கிடைத்தாலும் அதை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் வெளியிட வேண்டும்.

மாதிரிப் பட்டியல் தயாரிக்க நேரமே இல்லை என்றால், ஒரே ஒரு சோதனை. வந்த ஆயத்தொலைவுகளை எண்ணி, எது எத்தனை முறை வருகிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஒரே புள்ளியில் நாற்பது, ஐம்பது முகவரிகள் குவிந்திருந்தால், ஒன்று அது அடுக்குமாடிக் கட்டடம், அல்லது மென்பொருள் படியிறங்கிப் போய் ஒரு பகுதியின் மையத்தைக் கொடுத்துவிட்டது. வரைபடத்தில் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வயலும் குளமும் தெரிந்தால், அந்த முகவரிகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, படியிறங்கும் வரம்பை ஒரு படி மேலே ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.